துவைக்காத துணி இல்லாத வீடு

பொத்தென்று கவுண்டரில் ஏதோ வந்து விழுந்த சத்தத்தில் லாண்டரிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார். ஒரு பழுப்பு நிற அட்டைப் பெட்டி. அதற்குப் பின்னால் மூச்சிரைக்க நின்ற பார்சல்காரன், வெளியே வண்டியை அணைக்காமலே வந்திருந்தான்.

"அண்ணே, ராணுவப் பயிற்சி முகாம்லேர்ந்து வந்திருக்கு. கையெழுத்துப் போடுங்க, சீக்கிரம்."

"முகாம்லேர்ந்தா? என்னது இது?"

"எனக்கு என்ன தெரியும்? இந்த வட்டாரத்துல மட்டும் இன்னைக்கு நாலு பெட்டி. கதவைத் திறக்கிற அம்மாங்க எல்லாம் பெட்டியைப் பார்த்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. நல்லவேளை, இங்க நீங்க இருந்தீங்க."

பார்சல்காரன் போய்விட்டான். பெட்டியின் மேல் இருந்தது மகனின் கையெழுத்து. வரிக்கு வரி மேலே ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோணல் எழுத்தை எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரியும். வீட்டில் அவனுக்குப் பெயர் வாண்டு. குள்ளமாக இருந்த வயதில் வைத்த பெயர். பிறகு கடை நிலைப்படியில் தலை இடிக்கும் அளவுக்கு அவன் வளர்ந்துவிட்டான். பெயர் மட்டும் வளரவில்லை. வயது வந்த பிள்ளைகள் எல்லாரும் போய்த்தான் ஆக வேண்டும் என்பது சட்டம். வாண்டுவும் போனான்.

பெட்டியைப் பிரித்தார். மேலே ஷூ. அதற்குள் உருட்டித் திணித்த சாக்ஸ். அடியில் பேன்ட்டும் நீலக் கட்டம் போட்ட சட்டையும். போகும்போது போட்டுக்கொண்டு போன அதே துணி. அங்கே சீருடை கொடுத்துவிட்டு, போட்டு வந்ததைப் பெட்டியில் கட்டி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

பார்த்துக்கொண்டே நின்றிருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மேசை விரிப்புகள் மத்தியானத்துக்குள் வந்தாக வேண்டும் என்று சாப்பாட்டு விடுதி மேனேஜர் காதில் கத்தினார். "வந்துரும் சார், வந்துரும் சார்" என்று தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு இவர் சொல்லிக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பாக்கெட்டைத் தடவிப் பார்த்தது. சட்டையை உள்பக்கம் திருப்பியது. காலரில் பிரஷ் போட்டது. வெள்ளைத் துணிக் கூடையைத் தாண்டி வண்ணத் துணி மெஷினுக்குள் எல்லாவற்றையும் போட்டு, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தியது. இருபது வருஷமாக அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது.

தேய்க்கும்போதுதான் நிதானமாகத் தேய்த்தார். மற்றவர்கள் சட்டைக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீராவி விட்டார். கைமடிப்பில் ஒரு கோடு, தோளில் ஒரு நீவல். பிள்ளையைக் கொஞ்சத் தெரியாத மனிதர்; அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அதுதான். ஹேங்கரில் மாட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, பழக்கதோஷத்தில் டோக்கன் சீட்டைக்கூடக் குத்திவிட்டார். அப்புறம் அதைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் மனைவி ஓடி வந்தாள். பொத்தானும் நூலும் வாங்க மொத்தக் கடைக்குப் போயிருந்தவள். தோளில் பை ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம்.

"ஏங்க, பெட்டி வந்துச்சா? பார்சல் வண்டியைப் பார்த்தேன். நிறுத்திக் கேட்டேன், உங்க கடையில குடுத்தாச்சுன்னு சொன்னான். எங்க?"

"ஏன் இப்படி ஓடி வர்ற? பெட்டி எங்கயும் ஓடிடாது." பெருமையோடு துணி மாட்டும் கம்பியைக் காட்டினார். "பாரு, புதுசு மாதிரி இருக்கு."

அவள் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். அருகில் போய் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, சட்டையை இழுத்து, இரண்டு கையாலும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு சாக்ஸை எடுத்தாள். பேன்ட்டை எடுத்தாள். ஒவ்வொன்றையும் முகத்தில் வைத்தாள். கம்பியைக் காட்டிய கையை இவர் மெல்ல இறக்கிக்கொண்டார்.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"ம். ஷூவைக்கூடத் துடைச்சு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் போன அன்னைக்கே, பஸ் முனை திரும்பறதுக்குள்ள, படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாத்தையும் உருவிட்டு வந்து மெஷின்ல போட்டீங்க. வீட்டுத் துணி துவைக்கிற கிழமைன்னு. நான் ஒண்ணும் சொல்லல. போட்டுட்டுப் போன துணி திரும்பி வரும்னு பக்கத்து மருந்துக்கடை அம்மா சொன்னாங்க. அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர்ல எல்லார் வீட்லயும் ஒரு அழுக்குத் துணி இருக்கும். நம்ம வீட்ல அதுக்கும் வழியில்லை."

"எனக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருந்தா..."

"இதையெல்லாமா சொல்லுவாங்க?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள போடறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை, நீங்களாவது மோந்து பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. பெற்ற பிள்ளையின் சட்டை அவர் கையில் இருந்தது. மூக்குக்கு அருகில்கூட வரவில்லை. விடுதி மேனேஜருக்கு 'சார்' போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவரை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. குத்துப்பட்டவன் கையில் கிடைத்ததைத் தூக்கி மறைத்துக்கொள்வானே, அப்படி வாயில் வந்ததைச் சொன்னார்.

"பார்த்தேன். வாந்தி எடுத்திருந்தான். சட்டை பூரா. அதை எப்படி அப்படியே வைக்கிறது?"

சொல்லி முடித்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பொய்க்கு உடனே கூலி கிடைத்தது. மனைவியின் முகத்தில் இருந்த கோபம் துடைத்துவிட்டாற்போல் போனது.

"வாந்தியா? என் பிள்ளையா? எவ்வளவு?"

"கொஞ்சம்... கொஞ்சம் அதிகம்தான்."

"என்ன நிறம்?"

கறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு வாய் நிற்காது. எத்தனை ஊர்க் கறையைப் பார்த்தவர்! மஞ்சளா, ஓரத்தில் காய்ந்துபோய், இரண்டாவது பொத்தானிலிருந்து கீழே இறங்கி, பேன்ட்டின் இடது கால் வரைக்கும் என்று கண்முன் பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நடுவில் தன் சாமர்த்தியத்தைப் பார்த்து அவருக்கே பயமாக இருந்தது.

"அவனுக்குப் பஸ்ஸெல்லாம் ஒத்துக்கும்" என்றாள் அவள் மெதுவாக. "பயந்தாத்தான் வயிறு புரட்டும். பரீட்சைக்குப் போற அன்னைக்கெல்லாம் பார்த்திருக்கேனே."

"சே சே, பயமாவது ஒண்ணாவது. அவனா பயப்படறவன்?"

"உங்களுக்கு என்ன தெரியும்? மோந்து பார்த்ததே இன்னைக்குத்தான்."

அடுத்த நிமிஷம் அவள் பக்கத்து மருந்துக்கடையில் இருந்தாள். இவரும் பின்னாலேயே ஓடினார். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய மகள் இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே முகாமில் பயிற்சி முடித்தவள். அந்தத் தெருவில் ராணுவ விஷயத்துக்கு அவர்தான் தளபதி.

"புது இடம், புதுத் தண்ணி, அதிகாலையில ஓட விடுவாங்க. ஒரு தடவை வாந்தி எடுக்கிறதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. எடுக்கலன்னாத்தான் கவலைப்படணும்."

"உங்க பொண்ணு எடுத்தாளா?"

"எங்ககிட்ட எங்க சொல்லுவா? எது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்பா'. காலை உடைச்சுக்கிட்டப்பவும் அதேதான் சொன்னா."

ஆறுதல் சொல்கிறேன் என்று அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் வினையானது. கடையை விட்டு இறங்கும்போதே அவள் கைப்பேசியை எடுத்துவிட்டாள். பெற்றோர் விசாரிப்பதற்கென்று முகாமில் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை பேசியவர், எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்றார். மறுநாள் பேசியவரும் அதையே அதே குரலில் சொன்னார். மூன்றாவது தடவை அவள் கொஞ்சம் அழுதுவிட்டாள்.

"சரிம்மா, மருத்துவ அறைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்றோம்" என்றார்கள்.

இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று லாண்டரிக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் லேசாகப் பழுப்பு விழுந்தது. பல வருஷத்தில் முதல் தடவையாகத் துணியைக் கருக விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் தன் கோட்டைக் கொடுக்க வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்ல முகாமுக்குப் போன் பண்ணாங்களாமே?"

"பண்ணா."

"ஐயோ, ஏன் சார் விட்டீங்க? எங்க வீட்டம்மா அப்போ தலைவலி மாத்திரை அனுப்பி வச்சா. பயிற்சி முடியற வரைக்கும் என் பொண்ணுக்குப் பேரே 'தலைவலி'தான். வரிசையில நிக்கும்போது, 'தலைவலி, ஒரு அடி முன்னால வா!'ன்னு பயிற்சி அதிகாரி கூப்பிடுவானாம். இப்பவும் கல்யாண வீட்ல யாராவது பார்த்தா அப்படித்தான் கூப்பிடறாங்க. மாப்பிள்ளைக்கு வேற விளக்கம் சொல்ல வேண்டியிருக்கு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இவரும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். மனசுக்குள் ஒரு மைதானம் வந்தது. தலை மழித்த பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் உயரமான ஒருத்தனை முன்னால் வரச் சொல்லி, உங்கம்மா உன் வயிற்றைப் பற்றிக் கேட்டாங்க என்று எல்லார் காதிலும் விழும்படி ஒருவர் சொல்கிறார். எடுக்காத வாந்திக்கு. அப்பன் வாயிலிருந்து வந்த வாந்திக்கு.

கோட்டில் டோக்கன் குத்தினார். தவறான நிறம். பிடுங்கிவிட்டு மறுபடி குத்தினார்.

வாண்டு இருந்தபோது வீட்டில் பெரிதாகப் பேச்சு நடந்துவிடவில்லை. அவன் மாடிப்படியில் இறங்கினால் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி வரும் சத்தம் கேட்கும். குளியலறையில் தண்ணீரை வீணாக்குவான். எதையாவது தேடிக்கொண்டு, 'அம்மா, எங்கம்மா வச்ச?' என்று ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் சத்தம் என்று இவர் கணக்கில் வைத்ததே இல்லை. இப்போது மெஷின்களை நிறுத்தியதும், மாடியிலிருந்து ஒன்றுமே வராமல் இருப்பது கேட்டது. அதனால் சில நாட்களாக ஒரு காரியம் செய்து வந்தார். கடையைச் சாத்திய பிறகும் ஒரு மெஷினை மட்டும் காலியாக ஓட விட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் தண்ணீர் சுற்றும்.

"உள்ள துணியே இல்லையே?" என்று ஒருநாள் படியில் நின்றபடி மனைவி கேட்டாள்.

"உள்பக்கம் சுத்தம் பண்றேன்."

"நேத்தும் பண்ணீங்க."

"நேத்து சரியா வரல."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவளும்தான் மகனின் அறையைப் பெருக்குகிறேன் என்று போய், துடைப்பச் சத்தமே இல்லாமல் அரை மணி நேரம் உள்ளே இருப்பாள். இவரும் அதைக் கேட்டதில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் தனித்தனிக் காவல் வேலை பார்ப்பதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசலாம். முகாம் தொலைபேசியில் ஆளுக்குக் கொஞ்ச நேரம். வரப்போகும் ஞாயிறுதான் முதல் முறை. மகன் பேசும்போது வாந்திப் பேச்சு வரும், அப்படி ஒன்றும் இல்லையே என்பான், பொய் உடையும். அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று லாண்டரிக்காரர் முடிவு செய்தார். சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்தினார். காலி மெஷினைக்கூட ஓட்டவில்லை. மகனின் அறை வாசலில் போய் நின்றார்.

மனைவி கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நீலக் கட்டச் சட்டை. இவரைப் பார்த்ததும் மறைக்கவில்லை.

"இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். உட்காருங்க."

அவர் கட்டிலில் உட்காரப் போனார். விரிப்பு கசங்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்களை ரொம்பப் பேசிட்டேன்" என்றாள் அவள். "யோசிச்சுப் பார்த்தேன். அந்தப் பெட்டியை நான் பிரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? ஆசையா எடுத்து முகத்துல வச்சிருப்பேன். அதுக்கப்புறம் சோறு இறங்கியிருக்குமா எனக்கு? நீங்க ஒத்தை ஆளா அதைப் பார்த்துட்டு, கழுவி, தேய்ச்சு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு டோக்கன் எல்லாம் குத்தி... நான் கேட்கலன்னா சொல்லியே இருக்க மாட்டீங்க. உங்களுக்கு மட்டும் மனசு எப்படி இருந்திருக்கும்?"

அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெந்நீரிலும் நீராவியிலும் வெந்து தோல் உரிந்த கை. ரொம்ப நாளாக அவள் அதைத் தொட்டதில்லை.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணும் இல்ல" என்றார் லாண்டரிக்காரர். "நாளைக்குப் போன் வரும். சார்ஜ் போட்டு வைன்னு சொல்ல வந்தேன்."

ஞாயிறு காலையிலிருந்தே கைப்பேசி சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். காபி ஆறி ஏடு கட்டியது. நடுவில் ஒரு தடவை அடித்தது. விடுதி மேனேஜர். மேசை விரிப்பு எண்ணிக்கையில் ஒன்று குறைகிறதாம். "யோவ், போனை வைய்யா!" என்று லாண்டரிக்காரர் கத்திய கத்தலில், வாழ்நாளில் முதல் முறையாக அந்த மேனேஜர், "சரிங்க சார்" என்றார். அவ்வளவு கலக்கத்திலும் மனைவி சிரித்துவிட்டாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தப் புது எண் வந்தது. ஒலிபெருக்கியில் போடத் தெரியாமல் அவள் தடவினாள். தடவினால் நின்றுபோய்விடுமோ என்று பயந்து அப்படியே காதில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி! சாப்பிட்டியா? என்ன குடுக்கறாங்க? தூங்கறியா? ஏன் தொண்டை கட்டியிருக்கு? கத்தச் சொல்றாங்களா? எதுக்குடா கத்தணும்?"

பதில்கள் இவருக்குக் கேட்கவில்லை. கேள்விகளை வைத்துத்தான் மகனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

"வயிறு எப்படிடா இருக்கு? டாக்டர் பார்த்தாரா? என்னடா 'எதுக்கு'ன்னு கேக்கற? நீ வாந்தி எடுத்தியே, அதுக்குத்தான். சட்டையெல்லாம்... தம்பி? லைன்ல இருக்கியா?"

லாண்டரிக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முடிந்தது. அவள் நெற்றி சுருங்கியது. ஏதோ கேட்டுக்கொண்டாள். பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்சம் ஏமாற்றத்தோடு இவரிடம் நீட்டினாள்.

"அப்பாகிட்ட குடுங்கறான். தனியாப் பேசணுமாம்."

வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிக் கடைக்குள் வந்தார். ஓடாத மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. தொங்கிய சட்டைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

"சொல்லுடா வாண்டு."

"அப்பா. அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

குரல் கரகரத்தது. பெரிய மனுஷன் குரல்போல இருந்தது.

"மேல இருக்கா. ஏன்டா, அங்க உனக்குப் பேரு கீரு எதாவது வச்சிட்டாங்களா?"

"வச்சிட்டாங்க. 'வயிறு'." லேசாகச் சிரித்தான். "பரவாயில்லப்பா. என் பக்கத்துக் கட்டில்காரனுக்கு வச்ச பேரு இதைவிட மோசம்."

"மன்னிச்சுக்கடா. அந்த வாந்தி விஷயம்... அது வந்து... அம்மாகிட்ட நான்தான்..."

"நீங்கதான் சொல்லியிருப்பீங்கன்னு தெரியும். அம்மாவால கண்டுபிடிச்சிருக்க முடியாது."

"இல்லடா, நான் சொல்றதை முழுசாக் கேளு..."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கப்பா, நேரம் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க." குரல் சட்டென்று தாழ்ந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறான் என்று தெரிந்தது. "எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு, எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் குழாயடியில ஒத்தையா உட்கார்ந்து, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சட்டையை முதல்ல பச்சைத் தண்ணியில அலசி, ரெண்டு தடவை சோப்புப் போட்டு, நல்லாக் காய வச்சுத்தானே பெட்டியில வச்சேன்?"